தேதி போதாது, மணியையும் எழுதுங்கள்

சென்ற மாதம் டர்பனில் நடந்த ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். இஸ்லாமிய நிதி முறையில் ஒரு பரிவர்த்தனையை எப்படி அமைப்பது, அமைத்ததை எப்படி ஆவணமாக்குவது என்பதே அதன் பொருள். முதல் நாள் காலையில் முன்னுரை எதுவும் இல்லாமல் ஒவ்வொருவர் முன்னாலும் ஏழு தாள்களை வைத்தார்கள். ஒரு சிறு நிறுவனம் வங்கியின் உதவியோடு லாரி வாங்கிய வியாபாரத்தின் ஆவணங்கள் அவை: பொது ஒப்பந்தம், வங்கி வாங்கினால் நான் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வாடிக்கையாளர் தரும் வாக்குறுதி, வங்கியின் சார்பில் வாங்குவதற்கான முகவர் நியமனக் கடிதம், லாரி விற்பவரின் இன்வாய்ஸ், லாரியைப் பெற்றுக்கொண்ட சீட்டு, வாடிக்கையாளரின் கிரய விண்ணப்பம், வங்கியின் ஏற்புக் கடிதம். தேதிகள் எல்லாம் வெள்ளை மையால் அழிக்கப்பட்டிருந்தன. வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் மணியும் எழுதச் சொன்னார் பயிற்றுநர். அரை மணி நேரம் தந்தார். பல வருட அனுபவம் தந்த தைரியத்தில் நான் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

பெற்றுக்கொண்ட சீட்டை நான் கடைசியில் வைத்திருந்தேன். அதாவது, என் கணக்கின்படி, வங்கி தன் கைக்கு வராத லாரியை விற்றிருந்தது. 'உன்னிடம் இல்லாததை விற்காதே' என்ற நபிமொழியை அறையில் இருந்த பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களிலும் நாலைந்து பேர் என்னைப் போலவே தாளை மாற்றி வைத்திருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நான் இந்தத் துறைக்கு வந்த வழி சற்றே கோணலானது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தேவகோட்டைப் பக்கம். பாட்டையா பர்மாவில் கடை வைத்திருந்தவர். எங்கள் ஊரில் கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். வாங்கி விற்பது என்பதுதான் சொல்லின் பொருள். ஆனால் போனவர்கள் பெரும்பாலும் செய்தது பணத்தை வட்டிக்கு விட்டது. ஒரு புரோநோட்டு, ஒரு கையெழுத்து, பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான் ஆவணம். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937ல் 25 சதவீதம் ஆயிற்று. நிலத்தை வேண்டி யாரும் கடன் கொடுக்கவில்லை என்று ஐயா சொல்வார். நிலம் போனவர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை என்பதையும் அவரே சொல்வார். அந்த வீட்டிலிருந்து வந்த நான், தென்னாப்பிரிக்காவில், வட்டி ஓரிடத்திலும் நுழையக்கூடாத ஒப்பந்தங்களை எழுதிப் பிழைக்கிறேன்.

பயிற்சியில் என் பக்கத்து நாற்காலி காயல்பட்டினத்துக் காக்கா ஒருவருடையது (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்). ஷரீஆ தணிக்கைப் பிரிவில் இருப்பவர். 'கொண்டுவிக்கிறது' என்ற சொல்லை அவரிடம் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, முராபஹாவுக்கு இதைவிட நல்ல தமிழ் எங்கே இருக்கு? நீங்க வச்சிக்கிட்டு எங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கீங்க" என்றார். உண்மைதான். முராபஹா என்பது வாங்கிய விலையையும் வைத்த லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பது. வங்கி கொண்டு, பிறகு விற்கிறது. கொண்ட பிறகுதான் விற்கலாம் என்பதில் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது, ஏனெனில் வாடிக்கையாளருக்கோ வங்கி அதிகாரிக்கோ அந்த 'கொள்ளுதலில்' இயல்பான அக்கறை கிடையாது. ஒருவருக்கு லாரி வேண்டும், மற்றவருக்குத் தவணை வேண்டும். நடுவில் வங்கி ஒரு கணமாவது லாரிக்காரராக இருந்தாக வேண்டும் என்பதை ஆவணம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதை நான் பயிற்சிக்கு முன்பே பட்டு அறிந்தவன். சில வருடங்களுக்கு முன் என் கையில் ஒரு லாரிக் கோப்பு வந்தது. விலை 6,40,000 ரேண்ட். வாடிக்கையாளர் எங்களிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே விற்பவரிடம் ஆர்டர் படிவத்தில் கையெழுத்திட்டு, பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டியிருந்தார். நான் செய்தது என்னவென்றால், விற்பவரிடம் பேசி இன்வாய்ஸை வங்கியின் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன், மீதிப் பணத்தை அனுப்பினேன், எல்லாத் தாள்களிலும் தேதிகள் அழகாக ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒன்பது மாதம் கழித்து ஷரீஆ தணிக்கையில் அந்த ஆர்டர் படிவம் வெளியே வந்தது. வாடிக்கையாளரும் விற்பவரும் ஏற்கெனவே விற்பனையை முடித்துவிட்டார்கள். முன்பணம் திரும்பவில்லை, அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. விற்றுப்போன பொருளை வங்கி வாங்கியதாக எழுதியிருந்தது. உண்மையில் அது செய்தது அடுத்தவர் வாங்கிய பொருளுக்குப் பணம் கட்டி, அதன்மேல் கூடுதலாக வசூலித்தது. அதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோப்பில் கிடைத்த லாபம் முழுவதும் தர்மக் கணக்குக்குப் போயிற்று. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான தரநிர்ணயங்களை வெளியிடும் பஹ்ரைன் அமைப்பான 'ஆயோஃபி'யின் எட்டாம் தரநிர்ணயம், வாடிக்கையாளருக்கும் விற்பவருக்கும் இடையில் முன்பே ஒப்பந்தம் இருந்தால் அது மெய்யாகவே ரத்தாகியிருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நான் அதைப் படித்திருந்தேன். படித்ததற்கும் ஆர்டர் படிவத்தைக் கேட்டு வாங்குவதற்கும் இடையில் ஒரு தொலைவு இருந்தது.

இரண்டாம் நாள்தான் பயிற்சியின் சாரமான நாள். அன்று அரபுச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நாட்டின் சட்டத்துக்கு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் தனியார் சட்டத்துக்கு அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். அதற்கு ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டவியல் தெரியாது. ஆனால் போலி விற்பனையை நன்றாகத் தெரியும். 1910ஆம் வருடத்து ஸாண்ட்பெர்க் எதிர் வான் ஸைல் வழக்கைப் பயிற்றுநர் எடுத்தார். மாமியார் மருமகனுக்கு 50 பவுன் கடன்பட்டிருக்கிறார். கொடுக்க முடியாததால் தன் பார வண்டியை அந்த 50 பவுனுக்கே மருமகனுக்கு விற்றதாக ஏற்பாடு. ஆனால் அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை மாமியாருக்கு உண்டு, அதுவரை வண்டியும் அவர் உபயோகத்திலேயே இருக்கும். மாமியாருக்குக் கடன் கொடுத்த வேறொருவர் வந்து வண்டியை ஜப்தி செய்ததும், வண்டி என்னுடையது என்று மருமகன் வருகிறார். இது விற்பனை அல்ல, விற்பனை வேடமிட்ட ஈடு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் சூட்டினார்கள் என்பதைவிட மெய்யாக என்ன செய்தார்கள் என்பதே கணக்கில் வரும்.

முராபஹா எழுதுகிறவன் இந்த மாமியார் வண்டியைக் கனவிலும் மறக்கக்கூடாது. 1979ஆம் வருடத்துத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான வாஸ்கோ டிரை கிளீனர்ஸ் வழக்கிலும் கதை இதேதான், வண்டிக்குப் பதிலாகச் சலவை இயந்திரங்கள். பணம் தேவைப்பட்டவர் விற்று, உடனே தவணையில் திரும்ப வாங்கியதாக எழுதினார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோஷ்கான் வழக்கில், லாரி வியாபாரியின் இருப்புக்கு நிதி தரும் ஒரு வங்கி லாரிகளை வாங்கி, உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விற்ற ஏற்பாட்டைப் போலி என்று சொல்ல மறுத்தது. வங்கி மெய்யாகவே உடைமையை விரும்பியது, ஒப்பந்தம் அதன்படியே நடக்க வேண்டும் என்று இரு தரப்பும் கருதினர். நோக்கம் நிதி என்பதால் மட்டும் அது வேடமாகிவிடாது. இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. ஷரீஆ தணிக்கையாளரும் இந்த நாட்டு நீதிபதியும் வேறு வேறு நூல்களிலிருந்து வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நீ மெய்யாகவே வாங்கினாயா? அதற்கு நாம் காட்டக்கூடிய சாட்சி தாள்களின் வரிசையைத் தவிர வேறு இல்லை.

உடைமை எப்படிக் கை மாறுகிறது என்பதிலும் ஓர் எதிர்பாராத பொருத்தம் இருக்கிறது. அசையும் பொருளில் ஒப்படைப்பு நடந்தால்தான் உடைமை மாறும் என்பது ரோமன்-டச்சு விதி. ஆனால் பொருளைக் கையில் தூக்கிக் கொடுத்துத்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதில்லை. பொருள் ஏற்கெனவே வாங்குபவர் கையில் வேறொரு தகுதியில் இருந்தால், இருவரின் எண்ணம் மாறினாலே போதும், பொருள் அசையாமலேயே உடைமை மாறிவிடும். இதற்கு 'பிரெவி மானு' ஒப்படைப்பு என்று லத்தீன் பெயர். வங்கியின் முகவராக லாரியைப் பெற்று நிறுத்தி வைத்திருக்கும் வாடிக்கையாளர், ஏற்புக் கடிதம் வந்த கணத்தில் உடைமையாளர் ஆவது சரியாக இந்த வழியில்தான். ஃபிக்ஹில் இதற்கு ஈடாக நேரடிக் கைப்பற்றல், கருத்தளவிலான கைப்பற்றல் என்ற பாகுபாடு இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரையே முகவராக்குவது ஆயோஃபி தரநிர்ணயத்தின்படி தேவை நெருக்கினால் மட்டும் செய்ய வேண்டியது. வங்கி தானே வாங்க வேண்டும், அல்லது வேறொருவரை அனுப்ப வேண்டும், பணத்தையும் விற்பவருக்கு நேராகச் செலுத்த வேண்டும். நடைமுறையில் தேவை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது என்று காக்கா என் காதில் மட்டும் விழும்படி சொன்னார்.

அந்த இடைவெளியில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று கேட்ட ஓர் இளம் வழக்கறிஞருக்குப் பயிற்றுநர் தந்த பதில் டர்பன்காரர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. 2022 ஏப்ரல் மழையில் நகரின் தெற்கே கப்பல் பெட்டகங்கள் நெடுஞ்சாலை வரை அடித்துவரப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். அந்த வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஜூலைக் கலவரத்தில் கிடங்குகள் கொள்ளை போயின, எரிந்தன. ஒரு பெட்டகத்தில் முராபஹாச் சரக்கு இருந்தது, முகவர் காலை பத்து மணிக்குப் பெற்றுக்கொண்டார், வங்கியின் ஏற்புக் கடிதம் மறுநாள் மதியம் போயிற்று, இடைப்பட்ட இரவில் பெட்டகம் ஆற்றோடு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டம் யாருடையது? வங்கியுடையது, வேறு யாருடையதும் அல்ல. வாடிக்கையாளர் ஒரு ரேண்ட்கூடத் தர வேண்டியதில்லை, ஏனெனில் அவருக்கு இன்னும் எதுவும் விற்கப்படவில்லை. லாபத்துக்கான நியாயமே அந்த இரவுதான். ஆகவேதான் தேதி போதாது, மணியையும் எழுதுங்கள் என்றார். பொருள் வங்கியின் உடைமையில் இருக்கும் நேரத்துக்குக் காப்பீடு வங்கியின் பெயரில் இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் அந்த இளைஞருக்கு அர்த்தமாயிற்று.

வரிச் சட்டத்துக்கு ஒரு முழு மதியம் ஒதுக்கியிருந்தார்கள். 2010ல் நிறைவேறிய திருத்தத்துக்கு முன்னால், வங்கி வாங்கி விற்பதை வரித்துறை இரண்டு விற்பனையாகவே பார்த்தது. வீட்டுக்கு மாற்றுவரி, அதாவது சொத்து கை மாறும்போது கட்டும் வரி, இரண்டு முறை விழும் அபாயம் இருந்தது. வருமான வரிச் சட்டத்தில் 24ஜேஏ என்ற பிரிவு வந்து முராபஹா, முழாரபா (ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு லாபத்தைப் பகிர்வது), குறைந்து செல்லும் முஷாரகா (கூட்டாக வாங்கிய பொருளில் வங்கியின் பங்கை வாடிக்கையாளர் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது) ஆகியவற்றைப் பெயர் சொல்லி ஏற்றது. ஸுகூக் என்ற, சொத்தின் அடிப்படையில் வெளியிடும் முதலீட்டுப் பத்திரம் பின்னர் சேர்ந்தது. மாற்றுவரி, மதிப்புக் கூட்டு வரிச் சட்டங்களிலும் இணையான பிரிவுகள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரிச் சுமையைச் சமமாக்குவதற்குச் சட்டம் எடுத்த வழி, முழாரபாவில் வாடிக்கையாளருக்கு வரும் லாபப் பங்கை வரிக் கணக்குக்காக 'வட்டி' என்றே பாவிப்பது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வட்டியல்ல என்று எழுதுகிறோம், வரிப் படிவத்தில் அதையே வட்டிக் கட்டத்தில் நிரப்புகிறோம். அறையில் இருந்த மௌலானா ஒருவரிடம் இது நெருடவில்லையா என்று கேட்டதற்கு, அரசு தன் வசதிக்கு என்ன பெயர் வைத்தாலும் நமக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் என்ன நடந்தது என்பது மாறாது என்றார். வண்டி வழக்கின் நியாயம்தான் இதுவும்.

வட்டி வேண்டாம் என்று நாம் எழுதாமல் விட்டால் சட்டம் தானாகவே அதைக் கொண்டுவந்துவிடும் என்பது நான் புதிதாகக் குறித்துக்கொண்ட செய்தி. 1975ஆம் வருடத்து வட்டி விகிதச் சட்டத்தின்படி, நீதிமன்றத் தீர்ப்பில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை தீர்ப்புத் தொகை வட்டி ஈட்டும். எனவே தாமதத்துக்கான வட்டி, தீர்ப்புத் தொகைக்கான வட்டி ஆகிய இரண்டையும் கோரமாட்டோம் என்று வங்கி வெளிப்படையாக எழுத வேண்டும். தாமதிக்கும் வாடிக்கையாளர் ஒரு தொகையைத் தர்மத்துக்குத் தருவதாகத் தனியே பொறுப்பேற்கலாம், ஆனால் அது வங்கியின் வருமானத்தில் சேரக்கூடாது. (நிலுவை வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்று ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. பம்பாய்ப் பக்கத்தில் இந்துச் சட்டம் 'தாம்துபட்' என்ற பெயரில் இதையே வைத்திருந்தது. பாட்டையா கடை வைத்த ஊரில் இப்படி ஒன்று ஓடியிருந்தால் பேரேடுகள் எவ்வளவு மெலிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.)

எந்தச் சட்டம் இந்த ஒப்பந்தத்தை ஆளும் என்ற வாசகம் எல்லாக் கோப்புகளிலும் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். பஹ்ரைனின் ஷாமில் வங்கிக்கும் அதனிடம் பணம் பெற்ற பங்களாதேஷ் நிறுவனமான பெக்ஸிம்கோவுக்கும் இடையிலான வழக்கில் அந்த வாசகம், மேன்மைமிக்க ஷரீஆவின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு இங்கிலாந்துச் சட்டம் ஆளும் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர்கள், இந்த ஒப்பந்தம் உண்மையில் ஷரீஆவுக்குப் புறம்பானது, அதனால் செல்லாது என்று வாதாடினார்கள். 2004ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை ஒரு நாட்டின் சட்டம்தான் ஆள முடியும், ஷரீஆ பற்றிய குறிப்பு தரப்பினரின் சமயப் பின்னணியைச் சொல்வதே தவிர அதற்குமேல் இல்லை என்றது. ஆகவே ஷரீஆவின் எந்த விதி வேண்டுமோ அதை ஒப்பந்த வாசகமாகவே உள்ளே எழுத வேண்டும். ஒரு புனிதச் சொல்லைக் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டால் அது நம்மைக் காக்கும் என்று நம்பி எழுதிய கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன்.

வீட்டுக்கான குறைந்து செல்லும் முஷாரகாவும், ஸுகூக்கும் மூன்றாம் நான்காம் நாட்களில் வந்தன. கூட்டு உடைமை, வாடகை, பங்கை வாங்கும் வாக்குறுதி ஆகியவை மூன்றும் தனித்தனித் தாள்களாக, ஒன்றின்மேல் ஒன்று நிபந்தனையாகாமல் இருக்க வேண்டும். நில விற்பனை எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்ற 1981ஆம் வருடத்துச் சட்டத்தோடு இது எளிதில் ஒத்துப்போகிறது. ஸுகூக்கில் 2014 செப்டம்பரில் இந்த நாட்டு அரசே வெளியிட்ட 50 கோடி டாலர் இஜாரா (குத்தகை முறை) வெளியீட்டைப் படிக்கக் கொடுத்தார்கள். அது படிக்க நன்றாக இருந்தது, ஆனால் என் மேசைக்கு வரக்கூடிய அளவு அல்ல.

தவர்ருக் பற்றி மட்டும் என் மனநிறைவின்மையைச் சொல்லியாக வேண்டும். வங்கி எங்கோ ஒரு கிடங்கிலுள்ள உலோகத்தை வாங்கி, வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்று, அவர் சார்பில் வங்கியே அதை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தை அவர் கணக்கில் போடுகிறது. ஏழு தாள்களும் உண்டு, வரிசையும் பிசகாது, மணியும் நொடிவரை பதிவாகும், எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 2009ல் இப்படி ஏற்பாடு செய்த தவர்ருக்கைக் கூடாது என்றே தீர்மானித்தது. ஆனாலும் பல நாடுகளில் அது தொடர்கிறது. வரிசைதான் எல்லாம் என்று நான் மேலே எழுதியதற்கு இது சங்கடமான எதிர்ச்சாட்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. உலோகத்தை யாரும் விரும்பவில்லை, யாரும் பார்க்கவில்லை, அது ஆற்றோடு போகும் இரவும் அங்கே இல்லை. காக்காவிடம் கேட்டேன். "அது வேணும்னு சொல்றவங்களோட நான் சண்டை போடல தம்பி, என் கையெழுத்து மட்டும் அதுல இருக்காது" என்றார்.

அலுவலகம் திரும்பிய முதல் நாளே, தேதியோடு மணியும் விழும் முத்திரை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். அன்றைக்கே ஒரு புதிய கோப்பும் வந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு மாவு பிசையும் இயந்திரம். விற்பவரிடம் ஏதாவது படிவத்தில் கையெழுத்திட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். படிவம் எதுவும் இல்லை, ஆனால் முன்பணம் சனிக்கிழமையே கட்டிவிட்டேன், இல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றார். அதைத் திரும்பப் பெற வேண்டும், பேசிய விற்பனையை எழுத்தில் ரத்து செய்ய வேண்டும் என்று விளக்குவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. எப்படியும் அதே இயந்திரத்தைத்தானே வாங்கப்போகிறோம் என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நியாயமான கேள்விதான். பணத்தைத் திருப்பி அனுப்ப மூன்று நாள் ஆகும் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். அதுவரை முகவர் நியமனக் கடிதம் கையெழுத்தாகாமல் என் இழுப்பறையில் இருக்கிறது.